மாதம் 3,000 மிச்சம்: வீட்டுக் கடனில் எத்தனை தவணை குறையும்?

கேள்வி: 9 சதவீத வட்டியில், 20 ஆண்டுத் தவணைக்கு 30 லட்சம் வீட்டுக் கடன் வாங்கினோம். மூன்று ஆண்டுகள் தவறாமல் கட்டிவிட்டோம். வீட்டில் ஒரு சம்பளம்தான். செலவைச் சுருக்கினால் மாதம் 3,000 மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்கிறேன். அதைக் கடனில் கட்டலாம் என்றால், “கடலில் கரைத்த பெருங்காயம்” என்கிறார் கணவர். அவர் சொல்வது சரியா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வாசகி எந்த ஊரிலிருந்து எழுதுகிறார், கடன் எந்த நாணயத்தில் என்று குறிப்பிடவில்லை. கணக்குக்கு அவை தேவையும் இல்லை.

30 லட்சத்துக்குப் பக்கத்தில் 3,000 என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படிப் பார்த்தால் பெருங்காயம்தான். ஆனால் உங்கள் தவணைக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாதத் தவணை 26,992. முதல் மாதம் அதில் 22,500 வட்டிக்கே போயிற்று. அசலில் கழிந்தது 4,492. மூன்று ஆண்டுகளில் நீங்கள் கட்டியது மொத்தம் 9,71,700 அளவுக்கு. அதில் அசல் குறைந்தது 1,85,000 மட்டுமே. பாக்கி இன்னும் 28,15,000க்கு மேல் நிற்கிறது. அடுத்த தவணையில் வட்டி போக அசலுக்குச் சேரப்போவது 5,878.

உங்கள் 3,000ஐ இந்த 5,878க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் கணவரை. அசல் கரையும் வேகம் ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் கூடுகிறது. கூடுதலாகக் கட்டும் பணத்தில் வட்டிக்குப் பங்கு கிடையாது. முழுவதும் அசலில்தான் விழும்.

இதே 3,000ஐ விடாமல் கட்டி வந்தால், மீதமிருக்கும் 204 தவணைகள் 163 ஆகச் சுருங்கும். மூன்று ஆண்டு ஐந்து மாதம் முன்னதாகக் கடன் தீரும். கூடுதலாக நீங்கள் கட்டியிருப்பது 4,89,000. மிச்சமாகும் வட்டி சுமார் 6,20,000. மாதம் 5,000 முடிந்தால் ஏறக்குறைய ஐந்து ஆண்டு குறையும். வட்டி விகிதம் மாறாது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. மாறும் வட்டிக் கடன் என்றால் எண்கள் கொஞ்சம் முன்பின் ஆகும்.

சீக்கிரம் தொடங்குவதில்தான் சூட்சுமம். இன்று கட்டும் 1,000, பதினேழு ஆண்டு கழித்து நீங்கள் கட்ட வேண்டிய பணத்தில் 4,590ஐ அழித்துவிடும். அதே 1,000ஐக் கடன் முடிய ஐந்து ஆண்டு இருக்கும்போது கட்டினால் அழிவது 1,566தான். “பிள்ளைகள் தலையெடுக்கட்டும், சம்பளம் ஏறட்டும், பிறகு பெரிய தொகையாகக் கட்டிக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடுகிறவர்கள் இழப்பது இந்த வித்தியாசத்தை.

இனி, பலரும் கோட்டைவிடும் இடத்துக்கு வருகிறேன். நானும் கோட்டைவிட்டவன்தான். பல ஆண்டுகளுக்கு முன், சிறுகச் சிறுகச் சேர்த்த ஒரு தொகையை என் கடன் கணக்கில் மொத்தமாகக் கட்டினேன். படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன: தவணைத் தொகையைக் குறைக்கவா, தவணைக் காலத்தைக் குறைக்கவா? இரண்டிலும் குறி போடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் தவணைத் தொகையைக் குறைத்துவிட்டார்கள். மாதாமாதம் கொஞ்சம் குறைவாகப் பிடிப்பதை எட்டு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். அந்தக் கொஞ்சம் எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டுச் செலவில் கரைந்துவிட்டது.

உங்கள் கடனிலேயே பாருங்கள். இப்போது 1,00,000 மொத்தமாகக் கட்டினால், காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைக்கும்போது மாதம் 959 குறையும். 204 மாதங்களில் 1,95,600 மிச்சம். தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைத்தால் கடைசி 16 தவணைகள் இல்லாமலே போகும். அவற்றின் மதிப்பு 4,30,000க்கு மேல். வேலை நிலையில்லாமல் இருக்கிறது, மாதப் பிடித்தம் மூச்சை முட்டுகிறது என்றால் முதல் வழி தப்பில்லை. உங்கள் நோக்கம் கடனைச் சீக்கிரம் முடிப்பது. ஆகவே “தவணை மாற வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்” என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

கட்டும் முன் கடன் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். நிலையான வட்டிக் கடன்களில் முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் பிடிப்பதுண்டு. ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் கட்டக் கூடாது என்ற வரம்பும் சிலவற்றில் இருக்கும். கூடுதல் பணத்தை அசலில் கழிக்காமல், அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக ஒதுக்கி வைக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அப்படிச் செய்தால் உங்கள் பணம் அங்கே சும்மா தூங்கும். வட்டியை நாள் பாக்கியின் மீது கணக்கிடுகிறார்களா, மாத முடிவுப் பாக்கியின் மீதா என்றும் கேளுங்கள். நாள் கணக்கென்றால் கையில் வந்த அன்றே கட்டிவிடுவது லாபம்.

வீட்டுச் சிக்கனத்துக்கு வருவோம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்குக் கடன் மட்டும் குறைந்தபாடில்லை. மிச்சமான பணம் செலவுக் கணக்கிலேயே கிடந்ததுதான் காரணம். இந்த வாரம் வெளியே சாப்பிடாமல் 800 மிச்சம் என்று மகிழ்ந்திருக்கும்போதே, அடுத்த வாரம் அது ஒரு செருப்பாக மாறியிருக்கும். மாத முடிவில் மீந்ததைக் கட்டலாம் என்று வைத்தால் எதுவும் மிஞ்சாது. சம்பளம் வந்த மறுநாளே 3,000 கடன் கணக்குக்குத் தானாகப் போகும்படி நிரந்தர உத்தரவு கொடுத்துவிடுங்கள். பிறகு மீதியில் குடும்பத்தை நடத்துங்கள். சிக்கனம் தன்னால் வரும்; வராவிட்டால் 2,000 ஆகக் குறைத்துக்கொள்ளலாம், வெட்கமில்லை.

எதைச் சுருக்குவது? முதலில் ஒரு மாதம் எதையும் சுருக்க வேண்டாம், எழுதி மட்டும் வையுங்கள். சமையலறையில் ஒரு நோட்டு, அதில் கட்டிய பேனா. பேனாவைக் கட்டாவிட்டால் மூன்றாம் நாள் அது காணாமல் போகும், நான்காம் நாள் கணக்கும் நின்றுபோகும். வாங்கியவற்றை ஒரு பக்கத்திலும், தூக்கி எறிந்தவற்றை எதிர்ப்பக்கத்திலும் எழுதுங்கள். இந்த எதிர்ப்பக்கத்தை யாரும் எழுதுவதில்லை. குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் பையோடு அழுகிய காய்கறி, மூடி திறக்காமலே தேதி தாண்டிய பாட்டில், இரண்டு நாள் வைத்திருந்து கொட்டிய மிச்சம். மாத முடிவில் அந்தப் பக்கத்தைக் கூட்டிப் பார்த்தால், மலிவான கடை தேடி அலைவதைவிட அதில்தான் பணம் அதிகம் என்று பெரும்பாலான வீடுகளில் தெரியவரும். இருப்பதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது, அரை அளவு வாங்குவது ஆகிய இரண்டே போதும்.

மின்சாரத்திலும் இதே கதைதான். காலியான அறையில் விளக்கு எரிகிறது என்று வீட்டில் சண்டை நடக்கும். ஒரு 9 வாட் எல்இடி விளக்கு ஒரு யூனிட்டைச் செலவழிக்க 111 மணி நேரம் எரிய வேண்டும். 2,000 வாட் வெந்நீர்க் கருவிக்கு அரை மணி போதும். சண்டை போடுவதென்றால் வெந்நீருக்குப் போடுங்கள். சூடாக்குவதும் குளிர்விப்பதும்தான் கட்டணத்தை ஏற்றுகின்றன: வெந்நீர், அறைச் சூடு அல்லது குளிர், துணி உலர்த்தி. விளக்கையும் அணையுங்கள், நல்ல பழக்கம்தான். கடன் அதனால் தீராது.

மூன்றாவது, நீங்கள் மறந்துபோனாலும் மாதாமாதம் உங்களை மறக்காத செலவுகள். சந்தாக்கள், பயன்படுத்தாத உடற்பயிற்சிக்கூட உறுப்பினர் கட்டணம், தேவைக்கு மேல் பெரிய இணையத் திட்டம், ஆண்டுதோறும் விசாரிக்காமலே புதுப்பிக்கும் வாகனக் காப்பீடு. வங்கிக் கணக்கு அறிக்கையில் ஓர் ஆண்டைப் பின்னோக்கிப் புரட்டி, திரும்பத் திரும்ப வரும் வரிகளை மட்டும் கோடிடுங்கள். ஒரு மாலை நேர வேலை. ஒருமுறை நிறுத்தினால் மாதாமாதம் மிச்சம். தினமும் மனத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை. இந்த வகைச் சிக்கனம்தான் எனக்குப் பிடித்தது.

மருந்து, பல் வைத்தியம், ஆயுள் காப்பீடு, கூரை ஒழுகல் ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் மாதம் ஒரு சின்னச் சந்தோஷத்துக்கான பணத்தையும் விட்டுவிடுங்கள். பதின்மூன்று ஆண்டுக்கு மேல் ஓட வேண்டிய ஓட்டம் இது. முதல் ஆறு மாதம் இறுக்கிப் பிடித்து, ஏழாம் மாதம் வெறுத்துப்போய் மொத்தமாகக் கைவிட்ட குடும்பங்கள் உண்டு.

ஒரு சம்பளம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஒரு கண்டிப்பான நிபந்தனை: கடனில் கூடுதலாகக் கட்டத் தொடங்கும் முன், குறைந்தது மூன்று மாதச் செலவும் தவணையும் கையில் இருக்க வேண்டும். ஆறு மாதம் என்றால் இன்னும் நிம்மதி. அசலில் போட்ட பணத்தை அவசரத்துக்குத் திரும்பக் கேட்டால் பெரும்பாலான கடன்களில் கிடைக்காது. கிரெடிட் கார்டு நிலுவை ஏதாவது இருந்தால் முதல் பணம் அங்கே போகட்டும். அதன் வட்டி வீட்டுக் கடனைப் போலப் பல மடங்கு.

“அந்த 3,000ஐ முதலீடு செய்தால் என்ன?” என்று கணவர் அடுத்துக் கேட்பார். வரி போக நிச்சயமாக 9 சதவீதத்துக்கு மேல் தரும் இடம் கிடைத்தால் தாராளமாகச் செய்யலாம். “நிச்சயமாக” என்ற சொல்லை அழுத்திப் படிக்கச் சொல்லுங்கள். வேலை செய்யும் இடத்தில் ஓய்வூதியச் சேமிப்புக்கு நிறுவனமும் ஈடாகப் பணம் போடும் என்றால், அதை முழுமையாகப் பெற்ற பிறகே கடனுக்கு வாருங்கள். வீட்டுக் கடன் வட்டிக்கு வரிச் சலுகை பெறுபவர்கள் அதையும் கழித்துக் கணக்குப் போட வேண்டும்.

இன்னொன்று, இதற்குச் சிக்கனமே தேவையில்லை. கடன் கொடுத்தவர்களிடம் வட்டியைக் குறைத்துக் கேளுங்கள். புதிதாக வருபவர்களுக்கு என்ன விகிதம் தருகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். அரை சதவீதம் குறைத்து, தவணையை அப்படியே கட்டி வந்தாலே கிட்டத்தட்ட 14 தவணை குறைகிறது. மாற்றுவதற்கான கட்டணத்தை அதிலிருந்து கழித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

தொடங்குவதற்கு முன் இந்த மாதக் கடன் கணக்கு அறிக்கையை அச்செடுத்து நோட்டில் ஒட்டி வையுங்கள். இப்படியே விட்டால் ஓர் ஆண்டு கழித்து உங்கள் தவணையில் அசலுக்குப் போவது 6,430 ஆக இருக்கும். 3,000 கட்டி வந்தால், அதே தவணையில் அது 6,711. அன்றைய அறிக்கையையும் பக்கத்தில் ஒட்டிக் கணவரிடம் நீட்டுங்கள்.