வாரிசு வேலையா, கருணை வேலையா?

கேள்வி: எங்க ஊர் ஆத்து ஷட்டர்ல லஸ்கரா (மதகைத் திறந்து மூடறவர்) இருந்தவர் செத்துப்போய் ஆறு வருஷம் கழிச்சு அவர் பையனுக்கு ஜூனியர் அசிஸ்டென்ட் வேலை. நான் குரூப் 4 எழுதி எழுதி வயசாகுது. இந்த வாரிசு வேலையை ஒழிச்சா என்ன? (மன்னார்குடி வாசகர்)

பதில்: எரிச்சல் புரியுது தம்பி. 2025 குரூப் 4ல 3,935 இடத்துக்கு 13 லட்சம் பேருக்கு மேல அப்ளை பண்ணாங்க, அதே மாதிரி ஒரு சீட்ல ஒருத்தன் பரீட்சை எழுதாம வந்து உக்காந்தா வயிறு எரியத்தான் செய்யும். ஆனா இது வாரிசு வேலை இல்ல, கருணை வேலை. 1994ல உமேஷ் குமார் நாக்பால் வழக்குலயே சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, இது உரிமை கிடையாது, சம்பாதிச்சவர் திடீர்னு போனதும் குடும்பம் நடுத்தெருவுக்கு வராம இருக்கத்தான், அதுவும் கீழ்நிலைப் பதவி மட்டும்னு. கலெக்டர் செத்தா மகன் கலெக்டர் ஆக முடியாது.

2003 ஏப்ரல் 1க்கு அப்புறம் அரசு வேலையில சேர்ந்தவங்களை பழைய பென்ஷன் இல்லாம சிபிஎஸ்ல, அதாவது பங்களிப்பு பென்ஷன் திட்டத்துல தள்ளினாங்களே, அதுல செத்தவர் சம்சாரத்துக்கு மாசாமாசம் குடும்ப பென்ஷன் வர்ற வழியே இல்லாமத்தான் இருந்துச்சு, அதையும் சேர்த்து யோசிங்க.

நீங்க எழுதினதுல எனக்கு உறுத்துறது அந்த ஆறு வருஷம்தான். அந்த லஸ்கரோட சம்சாரம் என்ன பாடு பட்டிருக்கும்? வாரிசு சான்றிதழ், மத்த பிள்ளைங்ககிட்ட ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து, குடும்பத்துல வேற யாரும் கவர்மெண்ட் வேலையில இல்லைங்கறதுக்கு சான்று, அப்புறம் தாசில்தார் ஆபீஸ்ல வறிய நிலை சான்று. இந்தக் கடைசி சமாச்சாரம் இருக்கே, நம்ம பக்கத்துல ரெண்டு மா நஞ்சை மாமனார் பேர்ல கிடந்தாலும் "நிலம் இருக்குல்ல"ங்கறாங்க, ஆத்துல தண்ணி வராம அது தரிசா கெடக்கறது சிட்டாவுல தெரியுமா என்ன. ஒரு பேப்பர் வர்றதுக்குள்ள இன்னொரு பேப்பர் பழசாயிடும், செக்ஷன்ல ஆள் மாறிடுவாங்க, புது ஆளு முதல்லேருந்து கேப்பாரு.

இதுல பெரிய அக்கிரமம் என்னன்னா, இறந்த தேதியிலேருந்து 3 வருஷத்துக்குள்ள மனு போடணும்னு குடும்பத்துக்கு கெடு இருக்கு, ஃபைலை வச்சிருக்கறவங்க தாமதம் பண்ணா கேக்க ஆளில்ல. கடைசியில கோர்ட்டுக்குப் போனா "இத்தனை வருஷம் சமாளிச்சிட்டீங்களே, இப்ப என்ன அவசரம்"னு திருப்பி அனுப்பின கேஸும் உண்டு. எப்படி சமாளிச்சாங்கன்னு கந்துவட்டிக்காரன்தான் சாட்சி சொல்லணும்.

முறைகேடே இல்லைன்னு நான் சொல்ல வரல. சம்பாதிக்கற அண்ணனை மறைச்சு வேலை வாங்கறவனும் இருக்கான், ஆர்டர் கைக்கு வந்ததும் அம்மாவைத் தங்கச்சி வீட்டுல தள்ளிட்டுப் போறவனும் இருக்கான், அவனைப் பிடிச்சு வேலையைப் பறிங்க, யாரு வேணாம்னது. அதுக்காக திட்டத்தையே மூடச் சொல்றீங்களே, அந்த சீட்டு உங்களுக்கு வந்துடும்னு யார் சொன்னது? உங்க தாலுகா ஆபீஸ்ல காலியா கிடக்கற சேர் எத்தனைன்னு ஒரு ஆர்டிஐ போட்டுப் பாருங்க தம்பி, கருணை மனு எத்தனை பெண்டிங்னும் அதுலயே சேர்த்துக் கேளுங்க. பதில் வந்தா எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க, போடறேன்.