விலைக்கழிவில் வாங்கிய மரக்கறி ஏன் குப்பைக்குப் போகிறது?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் இருக்கிறோம். நான், அவர், இரண்டு பிள்ளைகள், மாமி. பிள்ளைகளுக்குச் சத்தாகக் கொடுக்க வேண்டும் என்றுதான் சனிக்கிழமைகளில் சுப்பர் மார்க்கட்டில் வங்கிக் கார்டுக்கு 25 வீதம் கழிவு போடும்போது கிழமைக்குரிய கீரை, மரக்கறி, பழம் எல்லாம் அள்ளிக்கொண்டு வருகிறேன். புதன் வந்தால் கீரை மஞ்சள், போஞ்சி வாடல், தக்காளி நசிந்து கிடக்கும். மாமியின் பேச்சு வேறு. பழுதாகாமல் எப்படி வைப்பது?

பதில்: வைக்கிற விதத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் பில்லை எடுங்கள். 2,000 ரூபாய் மரக்கறியை 1,500 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்கு குப்பைக்குப் போனால், நீங்கள் உண்மையில் சாப்பிட்டது முழு விலையில் 1,333 ரூபாய் பெறுமதியான சாமான். அதாவது தேவையானதை மட்டும் கழிவே இல்லாமல் வாங்கியிருந்தால்கூட 150 ரூபாய்க்கு மேல் மிச்சம். கார்டுக் கழிவு கடைக்கும் வங்கிக்கும் லாபமில்லாமல் வருவதில்லை, நம்மை ஒரேயடியாக நிறைய வாங்க வைப்பதுதான் அதன் வேலை. அதற்காகக் கழிவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நாளில் கெடாத சாமானை வாங்குங்கள்: பருப்பு, கடலை, பயறு, சிவப்பரிசி, வெங்காயம், உருளைக்கிழங்கு, மரக்கறியில் என்றால் முழுக் கோவா, பீட்றூட், கரட், வெட்டாத பூசணி. கீரையை மட்டும் அந்தக் கூடையில் போடாதீர்கள். வல்லாரை, பொன்னாங்காணி, கங்குங் எல்லாம் சமைக்கிற நாளிலோ முதல் நாள் பின்னேரமோ சந்தையில் ஒரு பிடி வாங்குவதே சரி. ஒரு பிடிக்குக் கழிவு கிடைக்காதுதான், ஆனால் அது முழுதும் வயிற்றுக்குப் போகும்.

சிலர் இதைவிட ஒரு படி மேலே போய், மொத்த விலைக்கு ஆசைப்பட்டு பேலியகொடை வரைக்கும் போகிறார்கள். மெனிங் சந்தை புறக்கோட்டையிலிருந்து 2020இல் அங்கே போன பிறகு ஓட்டோ காசும் சேர்கிறது. நாலைந்து குடும்பம் பிரித்து எடுத்தால் சரி, ஐந்து பேருக்காகப் போனால் கட்டுப்படியாகாது.

இனி வைக்கிற விதம். கீரைக்கட்டை வாங்கி வந்த உடனே கட்டை அவிழ்த்து, மஞ்சள் இலையையும் அழுகின தண்டையும் எடுத்துவிட்டு, கழுவாமல் ஒரு பருத்தித் துணியில் சுற்றி, மூடி உள்ள டப்பாவில் பிரிட்ஜின் கீழ்த் தட்டில் வையுங்கள். கட்டோடு, பொலித்தீன் பையில் வியர்த்துக்கொண்டு கிடந்தால் நடுவிலிருந்துதான் அழுகத் தொடங்கும், வெளியே பார்த்தால் தெரியாது. கரட், பீட்றூட்டுக்கு இலையை வெட்டிவிட்டு வையுங்கள், இலை கிழங்கின் ஈரத்தை இழுத்துவிடும். வெட்டிய பீட்றூட் இலையை வீச வேண்டாம், தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தால் மாமி வாய் திறக்கமாட்டார். வாழைப்பழம், மாம்பழம், தக்காளி எல்லாம் பழுக்கும்போது எத்திலீன் வாயுவை விடும், அது பக்கத்தில் உள்ள கீரையையும் சேர்த்து மஞ்சளாக்கும், அதனால் தள்ளி வையுங்கள். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் வேண்டாம். தேங்காயை உடைத்தால் கண் உள்ள பாதியை முதலில் துருவுங்கள், மற்றப் பாதியைத் துருவி ஃப்ரீசரில் தட்டையாகப் பரப்பி வைத்தால் வேண்டிய அளவு உடைத்து எடுக்கலாம். தேங்காய் விற்கிற விலைக்கு இதைச் செய்யாமல் இருப்பது பாவம்.

அப்புறம் சமையல் ஒழுங்கு. வாடக்கூடியது முதலில்: கீரை வாங்கினால் அன்று அல்லது மறுநாள், அடுத்து போஞ்சி, வெண்டிக்காய், கிழமைக் கடைசியில் கரட், பீட்றூட், கோவா. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கரட் பிடிக்கும் என்று அது திங்கட்கிழமையே முடிந்துவிடும், கீரை "நாளைக்குப் பார்ப்போம்" என்று புதன் வரைக்கும் கிடக்கும். ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் 2024 அறிக்கையின்படி, உலகில் வீணாகும் உணவில் 60 வீதம் வீடுகளில்தான், ஆளுக்கு வருடம் 79 கிலோ. தோலும் முள்ளும் சேர்த்த கணக்கு என்றாலும் சின்னத் தொகை இல்லை.

கேள்வி: மத்தியானச் சோறு மிஞ்சினால் இரவு வரை பானையிலேயே இருக்கும், மறுநாள் காலை முட்டை போட்டுப் பிரட்டிச் சாப்பிடுவோம். போன மாதம் வீட்டில் இரண்டு பேருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நன்றாகச் சூடாக்கித்தானே சாப்பிட்டோம்? - கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: சோற்றின் மேல் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. அரிசியில் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்துகள் இருக்கும், அவை வேகும்போது சாகாது. கொழும்பு வெக்கையில் சோறு மணிக்கணக்காக வெளியே இருந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மணம்கூட மாறாமல் இருக்கலாம், அதுதான் பிரச்சினை.

மிஞ்சும் என்று தெரிந்தால் சாப்பிட்டு முடிந்த கையோடு ஒரு தட்டையான தட்டில் பரப்பி ஆறவிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள், மறுநாளே முடித்துவிடுங்கள், ஒருதரம்தான் சூடாக்கலாம். பானையோடு பிரிட்ஜில் வைத்தால் நடுச்சோறு ஆற நேரமெடுக்கும். தேங்காய்ப்பால் விட்ட சொதி, கறிக்கும் இதே கவனம். இதையெல்லாம்விட லேசான வழி, தினமும் மிஞ்சுகிறதென்றால் அரை சுண்டு குறைத்துப் போடுவது. குறையுமோ என்று பயந்தால் கறிக்கு ஒரு கைப்பிடி பருப்பைக் கூட்டுங்கள். நம் வீடுகளில் சோறு மலையாகவும் மரக்கறி ஓரமாகவும் இருக்கிற கோப்பையை மாற்றவும் அது உதவும்.

கேள்வி: திகதி முடிய இரண்டு நாள் இருக்கிற யோகட்டை அரை விலைக்குப் போட்டிருந்தார்கள், ஆறு எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றில் திகதி போன கிழமையே முடிந்திருக்கிறது. கடையில் "விலைக்கழிவு சாமான், மாற்ற முடியாது" என்கிறார்கள். - தெஹிவளை வாசகி

பதில்: அரை விலை என்றாலும் காலாவதியானதை விற்க முடியாது, அந்தப் பேச்சு செல்லாது. யோகட்டைச் சாப்பிடாமல், மூடியைத் திறக்காமல், திகதி தெரிகிற மாதிரி படம் எடுத்து பில்லோடு வையுங்கள். மனேஜரிடம் நேரில் கேளுங்கள், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள். எழுத்தில் முறைப்பாடு செய்வதானால் வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். பில் தராத கடையாக இருந்தால் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலேயே இருக்கிறது.

மற்ற ஐந்தும் சரி, ஆனால் இரண்டு நாளில் ஐந்து யோகட் சாப்பிட உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கடையிலேயே யோசித்திருக்க வேண்டும். பால், யோகட், இறைச்சிக்குத் திகதியைத் தாண்டாதீர்கள். பருப்பு, பிஸ்கட், அரிசியில் "பெஸ்ட் பிஃபோர்" என்று இருந்தால் அது சுவையும் தரமும் குறையத் தொடங்கும் திகதி, வண்டும் பூஞ்சணமும் சிக்கு மணமும் இல்லையென்றால் வீசத் தேவையில்லை. பக்கற்றைத் திறந்த பிறகு எந்தத் திகதியும் உத்தரவாதம் இல்லை.

கேள்வி: மகனின் பாடசாலைச் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பழச்சாறு பக்கற் வாங்குகிறேன். சீனி அளவைக் காட்டும் அடையாளம் செம்மஞ்சள்தான், சிவப்பு இல்லை. பரவாயில்லைதானே?

பதில்: 2016இல் வந்த விதிப்படி 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. அப்போ 10 கிராம் இருந்தாலும் செம்மஞ்சள்தான். 200 மில்லி பக்கற்றில் அது 20 கிராம், ஐந்து தேக்கரண்டி சீனி. நிறத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல் பின்பக்க எண்ணையும் பாருங்கள். ஒரு கொய்யாவோ வாழைப்பழமோ வைத்து, போத்தலில் தண்ணீர் கொடுத்துவிடுங்கள். பெட்டியில் பழம் அப்படியே திரும்பி வருகிறதென்றால் அடுத்த நாள் பாதியாக வெட்டிக் கொடுங்கள், சின்னப் பிள்ளைகள் முழுப் பழத்தைப் பார்த்தே பயப்படுவார்கள்.

கேள்வி: பாணில் ஒரு மூலையில் மட்டும் பூஞ்சணம். அதை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். பாண் மென்மையான சாமான், கண்ணுக்குத் தெரிகிற பச்சைக்கு அப்பாலும் பூஞ்சண நூல் ஓடியிருக்கும். முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225. இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு அரையே போதும். மிஞ்சும் என்றால் வாங்கிய அன்றே துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், எடுத்து அப்படியே டோஸ்டரில் போடலாம். பிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்தால் பூஞ்சணம் பிந்தும், ஆனால் பாண் சீக்கிரம் வரண்டுபோகும்.