வெளிநாட்டு ஆசிரியர் வேலை: எந்தச் சான்றிதழை முதலில் எடுப்பது?

கேள்வி: பட்டப்படிப்பும் ஆசிரியர் பயிற்சியும் முடித்துவிட்டுப் பள்ளியில் கணிதம் கற்பித்து வருகிறேன். வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் நேர்காணல் நல்லபடியாக முடிந்தது. கல்விச் சான்றிதழ்களுக்கு முறைப்படி சான்றொப்பம் வாங்கி அனுப்பச் சொல்கிறார்கள். பட்டச் சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். முதலில் வேலை பார்த்த பள்ளியை இப்போது மூடிவிட்டார்கள். எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன் என்று ஒரு முகவர் அசல்களைக் கேட்கிறார். எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி ஒருவர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நேர்காணலில் தேறியதற்கு வாழ்த்துகள். முகவரிடம் இன்றைக்கு எதையும் கொடுத்துவிடாதீர்கள். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அந்தப் பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். விசாவுக்கு எந்தெந்தச் சான்றுகள் வேண்டும், அங்கே ஆசிரியராகப் பதிவு செய்ய எவை வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துத்தான் பலரும் பாதியில் மாட்டிக்கொள்கிறார்கள். விசா தருபவர்களுக்கு உங்கள் பட்டம் உண்மையானதா என்பது தெரிந்தால் பெரும்பாலும் போதும். ஆசிரியர் உரிமம் தருபவர்கள் அதோடு விடமாட்டார்கள். என்ன பாடம் படித்தீர்கள், எத்தனை மணி நேரம், வகுப்பறையில் எத்தனை வாரம் பயிற்சி எடுத்தீர்கள் என்று துருவுவார்கள்.

அதனால் நீங்கள் முதலில் விண்ணப்பிக்க வேண்டியது டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு. கையில் இருக்கும் மதிப்பெண் பட்டியலே போதும் என்று விட்டுவிடாதீர்கள். எல்லாப் பருவங்களின் பாடங்களும் மதிப்பெண்களும் ஒரே ஆவணத்தில், பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு வர வேண்டும். இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். பட்டங்களை மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள் பலவும் இதைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும், அல்லது மூடி முத்திரையிட்ட உறையில் வர வேண்டும் என்கின்றன. உறை உங்கள் கைக்கு வந்தால் ஆசைக்குக்கூடப் பிரித்துப் பார்த்துவிடாதீர்கள். உங்களுக்கென்று தனியாக ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத்தை அணுகும்போதே, பயிற்சிக் கல்லூரியிடம் கற்பித்தல் பயிற்சி பற்றி ஒரு கடிதம் கேளுங்கள். ‘பயிற்சியை நிறைவு செய்தார்’ என்ற ஒரு வரி எதற்கும் உதவாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வகுப்புகளுக்கு, எந்தப் பாடம், பிறர் வகுப்பைக் கவனித்தது எத்தனை மணி, நீங்களே நடத்தியது எத்தனை மணி என்று விவரமாக இருக்க வேண்டும். ஆங்கில வழியில் படித்திருந்தால் பயிற்று மொழிச் சான்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்து சான்றொப்பம். ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பது பற்றிய 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் உங்கள் நாடு, போகும் நாடு இரண்டுமே இருந்தால், அப்போஸ்டில் என்ற ஒரே சான்று பெரும்பாலும் போதும். சதுர வடிவில், பக்கத்துக்குக் குறைந்தது 9 சென்டிமீட்டர் அளவில், 10 எண்ணிட்ட வரிகளோடு இருக்கும். அது சான்றளிப்பது கையெழுத்தையும் முத்திரையையும் மட்டும்தான். பட்டத்தின் தரத்தை அல்ல. அதனால் அப்போஸ்டில் வாங்கிய பிறகும் தகுதி மதிப்பீட்டைத் தனியாகக் கேட்பார்கள். பதற வேண்டாம், அது வழக்கம்தான்.

இந்த விஷயத்தில் முன்னால் போய் வந்தவர்களின் அனுபவத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். சவூதி அரேபியாவில் 2022 டிசம்பரிலும், சீனாவில் 2023 நவம்பரிலும், கனடாவில் 2024 ஜனவரியிலும்தான் இந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அங்கே போனவர்கள் தூதரகத்துக்கு அலைந்திருப்பார்கள். உடன்படிக்கையில் சேராத நாடு என்றால் அந்தப் பழைய வழிதான்: முதலில் உள்நாட்டுச் சான்றொப்பம், பிறகு வெளியுறவுத் துறை, பிறகு அந்த நாட்டுத் தூதரகம். இந்த வரிசையை மாற்ற முடியாது.

லேமினேட் செய்த பட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்களே உரிக்க முயலாதீர்கள், எழுத்தும் முத்திரையும் சேர்ந்தே வந்துவிடும். சான்றளிக்கும் அலுவலகத்திடம் நகலில் சான்றொப்பம் தருவார்களா என்று கேளுங்கள். முடியாது என்றால் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எல்லாச் சான்றிதழ்களிலும் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றே உட்கார்ந்து பாருங்கள். ஒன்றில் முன்னெழுத்து, இன்னொன்றில் விரிந்த பெயர், திருமணத்துக்குப் பின் மாறிய பெயர் என்று எது இருந்தாலும், இருவரும் ஒருவரே என்பதற்குப் பிரமாணப் பத்திரமோ பெயர் மாற்ற ஆவணமோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூடிய பள்ளிதான் உங்களை அதிகம் கலங்க வைத்திருக்கும் என்று தெரிகிறது. பள்ளி போனாலும் அதை நடத்திய நிர்வாகமோ, பதிவேடுகளை வாங்கி வைத்திருக்கும் கல்வித் துறையோ இருக்கும். அங்கே எழுதிக் கேளுங்கள். நியமன ஆணை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த பதிவு ஆகியவற்றை ஒன்றாக இணைத்து, பழைய தலைமையாசிரியரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள். பள்ளி மூடப்பட்டதை விண்ணப்பத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தெரிந்தவர் பள்ளியின் லெட்டர்ஹெட்டில் அனுபவச் சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்வந்தால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். சான்றைக் கேட்பவர்கள் அந்தப் பள்ளியை நேரடியாகத் தொடர்பு கொண்டு சரிபார்ப்பார்கள். பொய் என்று தெரிந்தால் வேலை போவதோடு, அந்த நாட்டு விசாவே பல ஆண்டுகளுக்குக் கிடைக்காமல் போகலாம்.

அப்புறம் முகவர். அலைய நேரமில்லை என்றால் அவர் உதவியை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அசலைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் வண்ணத்தில், பின்பக்கத்தோடு ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சான்றிதழின் எண்ணையும் எழுதி, திருப்பித் தரும் தேதியோடு அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு அவர் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். குற்ற வழக்கு எதுவும் இல்லை என்று காவல்துறை தரும் சான்றை மட்டும் இப்போது எடுக்க வேண்டாம். பல நாடுகளில் அது சில மாதங்களுக்கே செல்லும். டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பப்பட்டது என்ற தகவல் வந்த பிறகு அதற்கு விண்ணப்பியுங்கள்.