காரின் ஆல்டர்னேட்டர் பழைய டைனமோவை விட வேகமாகச் சுற்ற முடிவது ஏன்?

எஞ்சினோடு சேர்ந்து பெல்ட்டில் சுழன்று, மின்சாரம் தயாரித்து பேட்டரியை நிரப்புவதுதான் ஆல்டர்னேட்டர். 1960-இன் கிரைஸ்லர் வேலியன்ட் போன்ற கார்களில் இது வருவதற்கு முன்பு அந்த வேலையைச் செய்தது டைனமோ.

இரண்டிலும் எது சுற்றுகிறது என்று பாருங்கள், காரணம் புரிந்துவிடும். டைனமோவில் மின்சாரம் பிறக்கும் கனத்த செப்புச் சுருளே சுற்றும். அதோடு சேர்ந்து சுற்றும் துண்டு துண்டான செப்பு வளையம்தான் கம்யூட்டேட்டர்; அதன் மேல் கார்பன் பிரஷ் உரசி, மொத்த மின்சாரத்தையும் வெளியே எடுக்க வேண்டும். வேகம் கூடினால் பிரஷ் துள்ளும், பொறி பறக்கும், சுருள் பிய்த்துக்கொண்டு கிளம்பப் பார்க்கும். அதனால் அதை அடக்கியே ஓட்டினார்கள். சிக்னலில் வண்டி நிற்கும்போது சார்ஜ் சரியாக ஏறாது.

ஆல்டர்னேட்டரில் அந்தச் சுருள் அசையாமல் வெளிப்புறம் நிற்கிறது. உள்ளே சுற்றும் மின்காந்தத்துக்குச் சில ஆம்பியர் மின்சாரம் போதும். வழவழப்பான வளையங்கள் வழியே அது போய்விடும். மின்காந்தத்தின் கம்பியும் நகம் போல வளைந்த இரும்புத் துண்டுகளுக்குள் இறுகச் சுற்றப்பட்டிருக்கும். கூந்தலை விரித்துப்போட்டுச் சுற்றுவதற்கும், இறுகக் கொண்டை போட்டுச் சுற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் அது!

சரி, இதனால் என்ன லாபம்? சின்ன புல்லி போட்டு எஞ்சினைவிட 2.5 மடங்கு வேகமாகச் சுற்றவிடலாம். ஐடிலில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் இது 2,000. நெடுஞ்சாலையில் 15,000 வரை போனாலும் தாங்கும்.

ஆனால் ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த வோல்ட்டேஜும் ஏறிக்கொண்டே போகும் என்று பலர் நினைப்பது தவறு. எந்த வேகத்திலும் ரெகுலேட்டர் அதை ஏறத்தாழ 14 வோல்ட்டில் பிடித்து வைக்கும்.