ஜெட் எஞ்சின் பிளேடு ரிப்பேர்: கேள்வி பதில்

கேள்வி: காற்றை அழுத்தும் கம்ப்ரசர் பிளேடின் முன்விளிம்பில் கல் பட்டு வெட்டு விழுந்திருக்கிறது. எஞ்சினைக் கழற்றாமல் சரிசெய்யலாமா சார்?

பதில்: எஞ்சின் மேனுவல் அந்த ஸ்டேஜுக்கு (பிளேடு வரிசைக்கு) அனுமதித்தால், உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் போரோஸ்கோப் துளை வழியாகவே கருவியை விட்டுத் தேய்த்துவிடலாம். வெட்டின் கூரான அடியில்தான் தகைவு (ஸ்ட்ரெஸ்) குவியும். திரும்பத் திரும்ப வரும் பாரத்தால் உண்டாகும் ஃபட்டீக் விரிசல் கிளம்புவதும் அங்கேதான். அதனால் அடிக்கும் சற்றுக் கீழே வரை எடுத்து, ஆழத்தைப் போலப் பல மடங்கு நீளமான சரிவாக்குங்கள். கடைசித் தேய்ப்பு பிளேடின் நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்கே விழும் கீறல் இன்னொரு வெட்டுதான்.

கேள்வி: டைட்டானியம் தேய்க்கும்போது நீலமாகிவிட்டது. பாலிஷ் போட்டால் போதுமா?

பதில்: போதாது. சூடு மீறியதற்கு அந்த நிறம்தான் சாட்சி. ஆக்சிஜன் ஏறி மேல்தோல் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கலாம். மேனுவலில் வழி இல்லையென்றால் பிளேடைக் கழித்துவிடுங்கள். இனி வேகத்தையும் அழுத்தத்தையும் குறையுங்கள். எஃகு தேய்த்த கல்லைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: இன்கோனெல் 738 என்ற நிக்கல் கலப்புலோக டர்பைன் பிளேடின் நுனியை லேசர் வெல்டிங்கில் வளர்த்தால் விரிசல் விடுகிறது. பவரைக் குறைக்கலாமா?

பதில்: குறைக்கலாம், ஆனால் லேசர்மேல் பழி போடுமுன் சுத்தத்தைப் பாருங்கள். பழைய விரிசலுக்குள் அலுமினியம், டைட்டானியம் ஆக்சைடு ஒட்டியிருக்கும். வெறும் ஹைட்ரஜன் சூளைக்கு அது அசையாது. சுமார் 1000 டிகிரி செல்சியஸில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வாயு கலந்தால்தான் போகும். அடுத்தது உலோகத்தின் குணம். அலுமினியமும் டைட்டானியமும் தலா 3.4 சதவீதம் இருப்பதால், வெல்டிங்குக்குப் பிந்தைய சூட்டில் காமா பிரைம் என்ற நுண்துகள்கள் படிந்து உலோகம் இறுகும். மிச்சத் தகைவு விரிசலாக வெளிப்படும். வெல்டிங்குக்கு முன் 1120 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து மென்மையாக்குவது உதவும். நிரப்பு உலோகமாக இன்கோனெல் 625 எளிதில் விரிசல் விடாது. ஆனால் அதன் பலமும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பும் குறைவு. நுனியில் மையவிலக்கு விசையின் பாரம் சொற்பம், அதனால் அங்கே தாங்கும். பிளேடின் நடுவில் அதைப் போட நினைக்காதீர்கள்.

கேள்வி: முழுதும் ஒரே படிகமாக வார்த்த ஒற்றைப் படிகப் பிளேடு லேசாக வளைந்தால் நிமிர்த்தலாமா?

பதில்: வேண்டாம். அடுத்த சூளையில் அந்த இடம் மறுபடிகமாகி, பிளேடைப் பலவீனமாக்கும் புதுப் படிக எல்லைகள் உருவாகும்.

கேள்வி: செலவைக் குறைக்க எங்கே கை வைப்பது?

பதில்: வேலை வரிசையில். பிளேடைக் காக்கும் அலுமினைடு பூச்சு அடி உலோகத்தைத் தின்றுதான் வளர்கிறது. பூச்சை உரிக்கும்தோறும் உள்ளீடற்ற பிளேடின் சுவர் மெலியும். எனவே அல்ட்ராசோனிக்கில் சுவர்த் தடிமனை முதலில் அளந்து, தேறாததை அங்கேயே கழித்துவிடுங்கள். தேறியவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, அந்தந்த வடிவத்துக்கே மெஷினிங் பாதை அமையுங்கள். ஓடித் தேய்ந்த பிளேடு வரைபடத்தில் உள்ளபடி இருக்காது. வரைபடத்தை நம்பி வெட்டினால் ஒரு பக்கம் நல்ல சுவரையே சீவிவிடும்.