விரல் வசதிக்கு, பின் எண் காவலுக்கு: வாசகர் கேள்வி–பதில்

விரல்ரேகை வைத்துத்தான் போனைத் திறக்கிறேன். அந்த ரேகை கம்பெனிக்காரர்களிடம் போய்ச் சேருமா? யாராவது திருடிவிட்டால் பாஸ்வேர்டை மாற்றலாம், விரலை மாற்ற முடியுமா?

போனைத் திறக்கப் பதிவு செய்த ரேகை அந்தப் போனை விட்டு வெளியே போவதில்லை. ரேகையைப் படமாகச் சேமிக்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கணக்குக் குறிப்பாக மாற்றி, மற்ற ஆப்கள் எட்ட முடியாத பாதுகாப்புப் பகுதிக்குள் பூட்டி வைக்கிறார்கள். ஐபோனில் அதன் பெயர் செக்யூர் என்கிளேவ். வங்கி ஆப் "விரலை வையுங்கள்" என்று கேட்டாலும், சரிபார்ப்பது போன்தான். ஆள் சரியா இல்லையா என்ற முடிவு மட்டுமே ஆப்புக்குப் போய்ச் சேரும்.

நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு. 2015-ல் அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்தில் தரவுத் திருட்டு அம்பலமானபோது, சுமார் 56 லட்சம் பேரின் விரல்ரேகைகள் பறிபோனது தெரியவந்தது. அவையெல்லாம் ஒரே இடத்தில் குவித்து வைக்கப்பட்டிருந்தவை. ஆகவே ஒரு ஆப் உங்கள் முகத்தைக் கேட்டால், யார் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். போனை அன்றாடம் திறக்கும்போது வருகிற அதே குறி திரையில் வந்தால் கவலை வேண்டாம். ஆப்பே கேமராவைத் திறந்து, வட்டத்துக்குள் முகத்தை வை, கண் சிமிட்டு, தலையைத் திருப்பு என்று சொன்னால், அந்தப் படம் பெரும்பாலும் அவர்கள் சர்வருக்குத்தான் போகிறது. அவசியம் இல்லாத ஆப்புக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

விரல்ரேகை இருக்கும்போது பின் எண் எதற்கு? நான் 4 இலக்கத்தில் சுலபமானதாக வைத்திருக்கிறேன்.

இந்த எண்ணம்தான் ஆபத்து. போனின் உண்மையான பூட்டு பின் எண்தான். உள்ளே இருக்கும் தரவுகள், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி சங்கேதமாக்கப்பட்டிருக்கின்றன. போனை அணைத்துப் போட்டதும் அந்தப் பூட்டைத் திறக்கப் பின் எண் தேவைப்படுவது அதனால்தான். அந்த நேரத்தில் விரலை வைத்தால் போன் ஏற்காது. ஐபோனில் 48 மணி நேரம் திறக்காமல் விட்டாலும், ஃபேஸ் ஐடி (முகத்தால் திறக்கும் வசதி) 5 முறை தவறினாலும் எண்ணைத்தான் கேட்கும். திருடனுக்கு உங்கள் விரல் தேவையில்லை. விரல் பொருந்தாவிட்டால் அடுத்து எண் கேட்கும் பலகை தானாகவே வந்து நிற்கிறது. பூட்டின் பலம் அந்த எண்ணின் பலம்தான்.

4 இலக்கத்தில் மொத்தமே 10,000 எண்கள். 6 இலக்கத்தில் 10 லட்சம். 9 புள்ளிப் பேட்டர்னில் 3,89,112 வடிவங்கள் சாத்தியம் என்றாலும், பலரும் மூலைப் புள்ளியில் தொடங்கி எளிய எழுத்து வடிவம் போடுவதால் ஊகிப்பது எளிது. பக்கத்தில் நிற்பவர் ஒருமுறை பார்த்தாலே மனதில் பதிந்தும் விடும். பேட்டர்னை விட்டுவிடுங்கள்.

விரல் வசதி இருப்பதால் பின் எண்ணை நாளுக்கு ஓரிரு முறைதான் அழுத்தப் போகிறீர்கள். அதனால் அது நீளமாக இருந்தால் சிரமமே இல்லை. குறைந்தது 6 இலக்கம் வையுங்கள். 8 இருந்தால் இன்னும் நல்லது. பிறந்த தேதி, வண்டி எண், ஏடிஎம் எண் எதுவும் கூடாது. ஐபோனில் பின் எண்ணுக்குப் பாஸ்கோடு என்று பெயர். அமைப்புகளில் ஃபேஸ் ஐடி, பாஸ்கோடு பகுதிக்குப் போய், பாஸ்கோடை மாற்றும்போது 'பாஸ்கோடு ஆப்ஷன்ஸ்' என்பதைத் தொட்டால், எழுத்தும் எண்ணும் கலந்ததைக்கூட வைக்கலாம்.

கூட்டத்தில் நிற்கும்போது மட்டும் விரலோ முகமோதான் மேல். எண்ணை அழுத்துவதைப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போனைப் பறிப்பதும் நடக்கிறது. ஐபோனில் ஐஓஎஸ் 17.3 முதல் 'ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன்' இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், வழக்கமாகப் புழங்கும் இடங்களுக்கு வெளியே, சேமித்த பாஸ்வேர்டுகளைப் பார்க்கப் பின் எண் மட்டும் போதாது, முகமோ விரலோ வேண்டும். ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமென்றால் 1 மணி நேரம் காத்திருந்து மறுபடியும் முகத்தைக் காட்ட வேண்டும். தவறாமல் போட்டு வையுங்கள்.

நான் தூங்கும்போது விரலை வைத்துத் திறந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. வலுக்கட்டாயமாக முகத்துக்கு நேரே காட்டினால்?

நியாயமான பயம். விரல், முகம் இரண்டையும் தற்காலிகமாக முடக்க ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை.

ஆண்ட்ராய்டில் பவர் பட்டனை (சில மாடல்களில் கூடவே வால்யூம் கூட்டும் பட்டனையும்) அழுத்தினால் வரும் பட்டியலில் 'லாக்டவுன்' இருக்கும். 2018-ல் ஆண்ட்ராய்டு 9-ல் வந்தது. பட்டியலில் தெரியாவிட்டால், அமைப்புகளில் லாக் ஸ்கிரீன் பகுதிக்குப் போய் அதைக் காட்டும்படி போட வேண்டும். தொட்டதும் விரல், முகம் இரண்டும் செயலிழக்கும். பூட்டுத் திரையில் அறிவிப்புகளும் மறையும். ஒருமுறை எண் போட்டுத் திறந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், ஒவ்வொரு இரவும் புதிதாகப் போட வேண்டும்.

ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனையும் ஏதாவது ஒரு வால்யூம் பட்டனையும் சேர்த்து 2 விநாடி பிடியுங்கள். அணைப்பதற்கான பட்டை வந்ததும் விட்டுவிட வேண்டும். இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தால் அவசர அழைப்புக்கான எண்ணிக்கை தொடங்கிவிடும். பட்டை வந்தாலே போதும், அடுத்து திறக்கப் பாஸ்கோடுதான்.

முகத்தைப் பொறுத்தவரை கண் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனில் 'ரெக்வயர் அட்டென்ஷன்' என்பது அதுதான், அணைத்துவிடாதீர்கள். 2019-ல் வந்த கூகுளின் பிக்சல் 4 போன், கண்ணை மூடியிருந்தாலும் திறந்தது. பிறகு அப்டேட்டில்தான் கண் நிபந்தனையைச் சேர்த்தார்கள். முன் கேமராவை மட்டும் நம்பும் பல ஆண்ட்ராய்டு போன்களில் முகப்பூட்டு பலவீனமானது, சிலவற்றை ஒரு புகைப்படமே ஏமாற்றிவிடும். உங்கள் போன் எந்த ரகம் என்று அறிய ஒரு வழி: வங்கி ஆப்பின் உள்நுழைவில் விரலை ஏற்று முகத்தை ஏற்கவில்லை என்றால், போனே அந்த முகப்பூட்டைப் பலவீனமானதாக வகைப்படுத்தியிருக்கிறது என்று கொள்ளலாம். அதை நீக்கிவிட்டு விரலோடு நில்லுங்கள்.

ஸ்கிரீன் கார்டு ஒட்டியதிலிருந்து விரல் சரியாக எடுப்பதில்லை. என்ன செய்வது?

பழைய பதிவுகளை அழித்துவிட்டு, கார்டோடு சேர்த்துப் புதிதாகப் பதியுங்கள். விரலைத் துடைத்து, நுனி, இரு ஓரங்கள் என்று கோணம் மாற்றி வைக்க வேண்டும். பலர் விரலின் நடுப்பகுதியை மட்டுமே திரும்பத் திரும்ப வைக்கிறார்கள். அவசரத்தில் ஓரம் பட்டால் போன் மறுப்பது அதனால்தான். திரைக்கு அடியில் அல்ட்ராசோனிக் சென்சார் (ஒலி அலையால் ரேகையைப் படிப்பது) இருந்தால், கார்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று இருக்கக் கூடாது. போன் கம்பெனி பரிந்துரைக்கும் கார்டையே வாங்குங்கள். 2019-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்10 போன்களில், திரையை மூடும் சிலிகான் உறையின் மேடுபள்ளத்தையே சென்சார் ரேகையாக எடுத்துக்கொண்டதால், யார் விரலை வைத்தாலும் திறந்தது. அப்டேட் கொடுத்துச் சரிசெய்தார்கள். புது கார்டு ஒட்டியதும், பதியாத ஒரு விரலை வைத்துச் சோதித்துவிடுங்கள்.

வீட்டில் எல்லோருடைய விரலையும் என் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். தப்பா?

பதிந்த ஒவ்வொரு விரலும் போனுக்கு நீங்கள்தான். பணம் அனுப்ப ஒப்புதல் கேட்கும் ஆப்பும் வித்தியாசம் பார்க்காது. எண்ணிக்கை கூடினால் பிழையும் கூடும்: ஐபோனின் விரல்ரேகை வசதியான டச் ஐடியில் ஒரு விரலுக்கு வேற்று ஆள் விரல் பொருந்தும் வாய்ப்பு 50,000-ல் 1 என்று ஆப்பிள் சொல்கிறது, 5 விரல் பதிந்தால் அது ஏறக்குறைய 10,000-ல் 1. உங்கள் இரண்டு விரல்கள் போதும்.

புதிதாக விரல் பதிந்ததும் வங்கி ஆப் மறுபடி பாஸ்வேர்டு கேட்டால் அது கோளாறு இல்லை. புது விரல் சேர்ந்தால் பழைய அனுமதியை ரத்து செய்யும்படி பல ஆப்கள் எழுதப்பட்டிருக்கின்றன. நீங்கள் எதையும் பதியாமலே அப்படிக் கேட்டால், உடனே அமைப்புகளில் விரல்ரேகைப் பட்டியலைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

பழைய போனை விற்கப் போகிறேன். ரேகை உள்ளே தங்கிவிடுமா?

தங்காது. முதலில் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவரால் போனைத் தொடங்கவே முடியாது. பிறகு ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன் நிலைக்குக் கொண்டுபோவது) செய்யுங்கள். ரேகைப் பதிவுகளோடு, தரவுகளைத் திறக்கும் சாவியும் அழிந்துவிடும்.