தோட்டக் கேள்விகள்: கொரியன் புல்லும் டேங்கர் லாரியும்

கேள்வி (மேடவாக்கம் வாசகி): போன வருடம் கிரகப்பிரவேசத்துக்காக வீட்டு முன்னால் 500 சதுர அடிக்கு கொரியன் புல் பதித்தோம். காலையும் மாலையும் தண்ணீர் விட்டும் ஏப்ரல் பிறந்ததும் வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. போரில் தண்ணீர் இறங்கிவிட்டதால் டேங்கர் வாங்குகிறோம். எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு பேவர் பிளாக் போட்டுவிடலாம் என்கிறார் கணவர்.

பதில்: பேவர் பிளாக் வேண்டாம், நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டு முன்னால் சூளை கட்டி அதில் குடியிருப்பதற்குச் சமம் அது. மழைநீர் உள்ளே இறங்கவும் வழியிருக்காது, அப்புறம் போர் எப்படி ஊறும்?

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஒரு லிட்டர். உங்கள் 500 சதுர அடி சுமார் 46 சதுர மீட்டர். கோடையில் புல்தரையிலிருந்து நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியாகப் போகிறது என்று வைத்தால்கூட 230 லிட்டர், மாதம் ஏழாயிரம். ஆறாயிரம் லிட்டர் டேங்கர் ஒன்று அப்படியே புல்லுக்குப் போய், இன்னும் பாக்கி நிற்கும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்துக் குடித்த ஊரில் இது கட்டுப்படியாகுமா, நீங்களே சொல்லுங்கள்.

அதற்காக இருக்கிற புல்லைச் செத்ததாக நினைத்துவிடாதீர்கள். ஒரு கொடியைக் கிள்ளி அடிக்கணுவை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ ஈரம் தெரிந்தால் உயிர் இருக்கிறது, மழை விழுந்ததும் துளிர்த்துவிடும். தினமும் இரண்டு வேளை தெளித்ததுதான் கெடுதல். மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே தங்கிவிடும், இரண்டு நாள் தண்ணீர் தவறினால் தாங்காது. நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை மண்ணில் குத்துங்கள். இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்கவில்லையென்றால், கட்டட வேலையின்போது லாரி ஏறி இறுகிப்போன மண் அது, எவ்வளவு ஊற்றினாலும் ஓடித்தான் போகும். கடப்பாரையால் அரை அடிக்கு ஒரு குத்து குத்தி, அந்தக் குழிகளில் மணலும் மக்கிய தொழுஉரமும் தள்ளிவிடுங்கள். பிறகு வாரம் இரண்டு முறை, விடியற்காலையில், ஆழமாக ஊறும்படி விட்டால் போதும்.

என் யோசனையைக் கேட்டால், உட்கார்ந்து காபி குடிக்கிற இடத்தில் 100 சதுர அடி புல் வைத்துக்கொண்டு மீதியில் பொடுதலையைப் படரவிடுங்கள். வரப்பிலும் குளக்கரையிலும் தானாகக் கிடக்கும், பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவோமே, அதேதான். இதே இனத்திலிருந்து ஜப்பானில் உருவாக்கிய ரகத்தை ‘குராப்பியா’ என்று கலிபோர்னியாவில் புல்லுக்குப் பதிலாக விற்கிறார்கள். நமக்கு வாய்க்கால் ஓரத்தில் ஒரு கை கொடி கிடைக்கும். முக்கால் அடிக்கு ஒரு துண்டு என்று நட்டு, வேர் பிடிக்கும்வரை மட்டும் தண்ணீர் விட வேண்டும். வெட்டுகிற வேலையே அநேகமாகக் கிடையாது. ஒரே எச்சரிக்கை, பூக்கிற நாளில் தேனீ வரும், குழந்தைகள் வெறுங்காலோடு ஓடினால் கொட்டு வாங்கும். ஓரத்தில் செங்கல் வரிசை ஒன்றும் வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்கும் போய்விடும்.

கேள்வி (தாம்பரம் வாசகர்): புல்லுக்குள் கோரை. பிடுங்கப் பிடுங்க இரண்டாக வருகிறது. மருந்து அடிக்கலாமா?

பதில்: எனக்கும் இதே கதைதான். சில வருடங்களுக்கு முன் ஒருவரிடம் ஒரு லோடு செம்மண் வாங்கிக் கொட்டினேன், ‘சுத்தமான மண் சார்’ என்று சொல்லிவிட்டுப் போனார், இரண்டாவது மழைக்கு முற்றம் முழுக்கக் கோரை. இலையைப் பிடித்து இழுத்தால் இலைதான் கையோடு வரும், கிழங்கு கீழேயே இருக்கும். ஒரு கிழங்கிலிருந்து கம்பி மாதிரி வேர் ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து அடுத்தது என்று ஜெபமாலை போலக் கோத்துக் கிடக்கும். கறுப்பு பிளாஸ்டிக் விரித்தால் அதையும் குத்திக்கொண்டு வெளியே வரும். மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது களைக்கொத்தியை ஆழமாக விட்டு நெம்பி, கிழங்கோடு எடுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை விடாமல் எடுத்தால் கிழங்கில் சேமித்த சத்து தீர்ந்து தளர்ந்துவிடும். நிழல் அதற்கு ஆகாது, அதனால் கோரை மண்டிய பகுதியில் ஒரு போகம் சர்க்கரைவள்ளியைப் படரவிட்டுப் பாருங்கள்.

மருந்து என்று கிளைபோசேட் என்கிற களைக்கொல்லியைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் தவிர வேறு யாரும் அதைத் தெளிக்கக் கூடாது என்று 2022-லேயே மத்திய அரசு கட்டுப்படுத்திவிட்டது. அதோடு, அது கோரையை மட்டும் பார்த்துக் கொல்லாது, புல்லும் சேர்ந்து போகும்.

கேள்வி (ஆவடி வாசகர்): புல்லை ஒட்ட வெட்டினால் அடிக்கடி வெட்ட வேண்டாமே?

பதில்: தலைமுடி இல்லை அது. இலைதான் புல்லுக்குச் சமையலறை, ஒட்ட வெட்டினால் பட்டினி கிடந்து வேரும் சுருங்கும். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள், கோடையில் இன்னும் சற்று உயரமாகவே விடுங்கள். வெட்டின தூளை வாரிக் குப்பையில் போடாமல் அங்கேயே விட்டால் தழைச்சத்து மண்ணுக்கே திரும்பும், யூரியா செலவு குறையும். யூரியா என்றதும் ஞாபகம் வருகிறது, நான் ஒருமுறை கைப்பிடி கைப்பிடியாக வீசிவிட்டுத் தண்ணீர் விட மறந்து வெளியூர் போய்விட்டேன், திரும்பி வந்தால் வீசின இடமெல்லாம் தட்டு தட்டாகக் கருகியிருந்தது.

கேள்வி (பெருங்களத்தூர் வாசகி): ஆர்.ஓ. கழிவு நீரைத் தோட்டத்துக்கு விடலாமா?

பதில்: உங்கள் போர் தண்ணீரில் எவ்வளவு உப்போ, கழிவில் அதைவிட அதிகம். வாசல் கழுவ, கழிவறைக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள். பாத்திரம் அலசின தண்ணீர் என்றால், சோப்பு அதிகமில்லாதது, வாழைக்கும் கல்வாழைக்கும் தாராளமாக விடலாம்.

கேள்வி (அதே வாசகி): வேப்பமரத்தடியில் மூன்று தடவை புல் பதித்தும் வரவில்லை.

பதில்: வராது. புல்லுக்கு ஐந்தாறு மணி நேரமாவது வெயில் வேண்டும். உதிர்கிற வேப்பிலையை அங்கேயே மூடாக்காக விட்டுவிட்டு ஒரு கயிற்றுக் கட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.